தர்மப்பிரபுவின் சொட்டு மருந்து

எங்கள் பஸ் டிப்போவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே நின்றுபோயிற்று. சண்டை ஒன்றுமில்லை, கண்வலி. முதலில் வந்தது மெக்கானிக்குக்கு. பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று கிளப்பிவிட்டதும் அவன்தான். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டியபடியே பேச ஆரம்பித்தான். வார முடிவில் டிப்போவே அப்படித்தான் பேசியது. மேனேஜர் சுவரைப் பார்த்துத் திட்டுவார், டிரைவர்கள் சன்னலைப் பார்த்து வாங்கிக்கொள்வார்கள்.

நான் அங்கே கண்டக்டர். மற்ற நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஆனால் என் வீட்டுக்காரரும் அதே டிப்போவில்தான் டிரைவர், அதுவும் தற்காலிக டிரைவர். வருஷக்கணக்காகத் தற்காலிகம்! லீவு போட்டவன் வண்டியை ஓட்டுவார், அவன் திரும்பி வந்துவிட்டால் வீட்டில் உட்கார்ந்திருப்பார். காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்தால் அன்றைக்குச் சம்பளம் கிடையாது. அதனாலேயே மனுஷன் காய்ச்சலோடு வண்டி எடுத்த நாளெல்லாம் உண்டு. இப்போதுதான் நிரந்தர வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாம் முடிந்து, வரும் வெள்ளிக்கிழமை கண் பரிசோதனை மட்டும் பாக்கி. அன்றைக்குக் கண் சிவந்திருந்தால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

விடுவேனா நான்? அந்த வாரம் வண்டியே எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தேன். அவருக்குத் தனித் துண்டு, தனித் தலையணை. நான் கூடத்தில் படுத்துக்கொண்டேன். அவர் கை கண் பக்கம் போனால் போதும், அடுப்படியிலிருந்தே கத்துவேன்.

"கண்ணுல கை வைக்காதீங்க!"

"அரிக்குது."

"அரிக்கட்டும். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் சொறிஞ்சுக்கலாம்."

அவர் பாவம், தங்கமான மனுஷன், எதிர்த்துப் பேச மாட்டார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வார்.

இது எப்படிப் பரவுகிறது என்று மருந்துக் கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். "பார்த்தா எல்லாம் வராதும்மா" என்று சிரித்தார். "கிருமிக்குக் கால் கிடையாது, நம்மதான் தூக்கிட்டுப் போறோம். நோவு உள்ள கண்ணைத் தொட்ட கை, துண்டு, தலையணை. அது எங்க பட்டு, அங்கேருந்து உங்க கண்ணுக்கு வருதோ, அதைப் பாருங்க."

என் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான் கண்டக்டர். ஊரெல்லாம் தொட்ட காசு என் கையில்தான் வந்து விழுகிறது. அன்றிலிருந்து வீட்டு வாசலிலேயே ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்தேன். முழங்கை வரை தேய்த்துக் கழுவாமல் உள்ளே காலெடுத்து வைப்பதில்லை.

ஆனாலும் டிப்போவில் கண்வலி நின்றபாடில்லை. மெக்கானிக்குக்கு அடுத்து வாட்ச்மேன், பிறகு இரண்டு கண்டக்டர்கள், கடைசியில் மேனேஜரே கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். எங்கிருந்து வருகிறது என்று எனக்கு மண்டை குடைந்தது. ஸ்டியரிங்காக இருக்குமோ என்று பார்த்தேன். வாட்ச்மேன் எந்த ஸ்டியரிங்கைப் பிடித்தார்? கேன்டீன்தான் என்று முடிவுகட்டினேன். எல்லோர் எச்சில் டம்ளரும் அங்கேதான் போகிறது. நேரே போய்க் கேன்டீன் அக்காவிடம் டம்ளரை ஒழுங்காகக் கழுவுவதில்லையா என்று கேட்டுவிட்டேன்.

அக்கா விட்ட டோஸில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரை வைத்துவிட்டு நழுவினார்கள். "ஏண்டி, நாள் பூரா சோப்புத் தண்ணியிலயே கெடக்குற கை இது! என் கண்ணைப் பாரு, சிவந்திருக்கா? பாருடி நல்லா!" என்று கண்ணை விரித்துக் காட்டினாள். பளிச்சென்று இருந்தது. எல்லோர் எச்சிலையும் தொடுகிறவளுக்கு ஒன்றுமில்லை. எனக்கு அது உறைக்கவில்லை, அவமானம்தான் உறைத்தது.

இத்தனை களேபரத்திலும் டிப்போவுக்கு ஒரே ஆறுதல் தர்மப்பிரபு அண்ணன்தான். அவர் எங்கள் மூத்த டிரைவர். தலைவலி என்றால் மாத்திரை நீட்டுவார், பொத்தான் அறுந்தால் ஊசி நூல் நீட்டுவார், மழை வந்தால் தன் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு போவார். கண்வலி வந்ததும் சட்டைப் பையில் ஒரு சொட்டு மருந்துப் புட்டியோடு அலைந்தார். மெக்கானிக்குக்கு வேளை தவறாமல் அவரே விட்டார். மற்றவர்களுக்கு, "முன்னெச்சரிக்கையா ஆளுக்கு ரெண்டு சொட்டு!" அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வண்டி ஏறும்போது என்னையும் பிடித்து நிறுத்தினார். வீட்டில் இருக்கும் மனுஷனுக்கு நல்லதுதானே என்று நானும் முகத்தைத் தூக்கிக் காட்டினேன்.

வியாழக்கிழமை மதியம் வேலை முடிந்து வந்தேன். வாசலில் அண்ணனின் செருப்பு கிடந்தது. கையைக் கழுவிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் நாற்காலியில் தலையை அண்ணாந்து சாய்த்திருந்தார். அண்ணன் அவர் முகத்துக்கு மேலே குனிந்து நின்றார்.

"நாளைக்குப் பரிசோதனையாமே மாப்பிள்ளை, சும்மா விட்ருவேனா? தேடிட்டே வந்துட்டேன். கண்ணை நல்லா தொற."

புட்டியின் மூக்கு கண்ணை நோக்கி இறங்கியது. மெக்கானிக்குக்கு விடும்போது அந்த மூக்கு அவன் பீளை கட்டிய இமையில் உரசியதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு விடும்போதும் என் இமையில் சில்லென்று பட்டது. எல்லோர் கண்ணுக்கும் போய் வருகிற பொருள் டிப்போவில் வேறு என்ன இருக்கிறது?

"அண்ணே!"

நான் போட்ட சத்தத்தில் அவர் கை ஆட, சொட்டு என் வீட்டுக்காரர் காதில் விழுந்தது. பாய்ந்துபோய்ப் புட்டியைப் பிடுங்கினேன்.

"இதை யார் யாருக்கு விட்டீங்க?"

அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. "மெக்கானிக்குக்கு, வாட்ச்மேனுக்கு, நம்ம ரெண்டு கண்டக்டருக்கு. மேனேஜர்கூட கேட்டு வாங்கி விட்டுக்கிட்டாரே!"

"கேன்டீன் அக்காவுக்கு?"

"அவளா? சீட்டுப் பணத்துல சண்டையானதிலேருந்து அவ என் பக்கமே திரும்ப மாட்டா. எவ்வளவோ கெஞ்சினேன், மாட்டேன்னுட்டா."

"மருந்து விட்டவங்களுக்கெல்லாம் வந்துச்சு, விட்டுக்காத அவளுக்குத்தான் அண்ணே கண்வலி வரல."

அண்ணனின் முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது. புட்டியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். "ஐயோ, அப்ப உனக்கும் விட்டேனே தங்கச்சி" என்றார்.

காலையிலிருந்தே என் இடது கண்ணில் மணல் விழுந்தாற்போல உறுத்திக்கொண்டிருந்தது. பஸ் தூசி என்று நினைத்திருந்தேன்.

ஊரில் உள்ளவர்களை எல்லாம் சந்தேகப்பட்டு, வாசலில் வாளி வைத்து, கடைசியில் வினையை நானே கண்ணில் ஏந்தி வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறேன்! எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னையே நாலு அறை விடலாம் போலிருந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து என்னிடம் வரப் பார்த்தார்.

"அங்கேயே நில்லுங்க! முதல்ல போய் காதைக் கழுவுங்க, அப்புறம் கைய. நான் தொட்ட கதவுப் பிடியெல்லாம் சோப்புப் போட்டுத் துடைங்க. நான் எங்க அக்கா வீட்டு மாடி அறைக்குப் போறேன்."

"வெள்ளிக்கிழமை நீ கூட வர்றேன்னியே."

"வந்து உங்க கண்ணையும் கெடுக்கவா? போங்க, கண்ணுல கை வைக்காம போய்ட்டு வாங்க."

அந்த நாளில் அவர் பக்கத்தில் நிற்க எத்தனை நாளாகக் காத்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

பொழுது சாய்வதற்குள் இரண்டு கண்ணும் கோவைப்பழமாகச் சிவந்துவிட்டன. மறுநாள் காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்கவே வரவில்லை. அக்கா மாடிப்படியில் தட்டை வைத்துவிட்டு ஓட்டமாக இறங்கிவிடுவாள். தர்மப்பிரபு அண்ணன் தெருவில் நின்று குரல் கொடுத்தார். புட்டியைத் தூக்கி எறிந்துவிட்டாராம். கேன்டீன் அக்காவிடம் எனக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டாராம். இப்போது டிப்போ முழுக்கச் சோப்புக் கொடுத்துக்கொண்டிருக்கிறாராம்.

"ஆளுக்கு ஒரு கட்டி கொடுங்கண்ணே. ஒரே கட்டியை எல்லாருக்கும் சுத்த விட்றாதீங்க!" என்று கத்தினேன்.

"ஐயய்யோ, ஆமால்ல!" என்றபடி அவர் ஓடியது கேட்டது.

மதியம் தாண்டியும் என் வீட்டுக்காரரைக் காணவில்லை. சன்னலிலேயே நின்றேன். பார்வை முழுக்கப் புகைமூட்டம், வருகிறவன் போகிறவன் எல்லாம் அவராகத் தெரிந்தான். கடைசியில் ஒரு வெள்ளைச் சட்டை வந்து சன்னலுக்குக் கீழே நின்று, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது. எனக்கு உயிரே போய்விட்டது. போச்சு, வேலை போச்சு, முகத்தில் விழிக்கக் கூசித் திரும்பிக்கொண்டார் என்றே நினைத்தேன்.

"என்னங்க, என்ன ஆச்சு? சொல்லித் தொலைங்களேன்!"

"பார்த்தா ஒட்டிக்கும்னு மெக்கானிக் சொன்னான்" என்றது முதுகு. அது குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "பாஸ்! கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டேன். திங்கள்லேருந்து நான் பெர்மனென்ட் டிரைவர்!"

என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. அவரைத் திட்டினேன் என்று அக்கா பிறகு சொன்னாள்.

அவர் படியேறி வரும் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். கதவைத் தட்டினார்.

"திற. இனிமே எனக்குச் சம்பளத்தோட மருத்துவ லீவு உண்டு. எனக்கும் வரட்டும், ரெண்டு பேரும் சேர்ந்தே படுத்துக் கெடப்போம்."

"ஆமா, அப்புறம் உங்க பஸ்ல ஏறுற அத்தனை பேருக்கும் டிக்கெட் இல்லாம இதையும் ஏத்தி விடுங்க. போங்க வீட்டுக்கு!"

அவர் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் படியில் உட்கார்ந்துகொண்டார். டாக்டர் என்ன கேட்டார், மேனேஜர் சுவரைப் பார்த்துக்கொண்டே எப்படி வாழ்த்துச் சொன்னார் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இனிமே காய்ச்சல்னா நான் வீட்டுலேயே இருக்கலாம், தெரியுமா?" என்றார்.

நான் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். மூக்கை உறிஞ்சிய சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"ஏய், அழுறியா?" என்றார். உடனே அந்தத் தங்கமான மனுஷன், கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் குரலே உயர்த்தாதவர், மாடியே அதிரக் கத்தினார்.

"கண்ணுல கை வைக்காத!"

தூக்கிய கையைக் கீழே போட்டேன். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.