சுறாப்பல்லும் ஆதியாகமமும்

புதன்கிழமை சாயங்காலம் சபையில் சாப்பாடு என்றால் வெல்டா டில்மன் மாவுக்குள் செர்ரிப்பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் கொண்டுவருவாள். அன்றைக்கும் கொண்டுவந்தாள். கூடவே ஒரு பதிலையும் கொண்டுவந்திருக்க வேண்டும். அதுதான் கிடைத்தபாடில்லை.

போன புதன்கிழமை இதே கூடத்தில், இரண்டு பேரும் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது, ஹார்லன் ப்ரூயிட் "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டார். ஊர்ப் பள்ளியில் உயிரியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மனைவி இல்லை, அவளுக்குக் கணவன் இல்லை. ஜெபம் என்றால் முதலில் தலை குனிவது அவர்தான். ஆனால் ஓர் உயிரிலிருந்து இன்னோர் உயிர் மாறி வந்தது என்பார். பூமிக்குக் கோடிக்கணக்கில் வயது என்பார். வெல்டாவுக்கோ, கடவுள் உலகைப் படைத்தது ஆறு நாள் என்றால் ஆறே நாள். விசுவாசம் வேறான ஒருவரோடு அந்நிய நுகத்தில் கழுத்தைக் கொடுக்கப் போகிறாயா என்று மனசு அவளைக் குடைந்துகொண்டே இருந்தது.

ஹார்லன் வழக்கம்போலத் தாமதமாக வந்தார். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அவள் தட்டுப் பக்கத்தில் வைத்தார். பழுப்பு நிறத்தில், கூராக ஒரு பல்.

"சுறாப்பல்லும்மா. உங்க நிலத்துல வேலி கட்டும்போது கிடைச்சுது. கான்சஸ்ல கடல் எங்கேயிருந்து வந்துச்சு, சொல்லுங்க."

"நோவா காலத்து வெள்ளம், வாத்தியாரே. வேறென்ன?"

"வெள்ளத்துல மாடு சாகும், மனுசன் சாவான். சுறா எப்படிச் செத்துச்சு? அதுக்குத்தான் நீந்தத் தெரியுமே!"

மேசையே சிரித்தது. வெல்டாவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"சேத்துல மூச்சு முட்டிச்சு. ஆறு நாள்ல உலகத்தையே செஞ்சவருக்கு ஒரு சுறா பெருசா?"

"சூரியன் வந்ததே நாலாம் நாள். முதல் மூணு நாளை எந்தக் கடிகாரத்துல பாத்தாராம்?"

"அவர்கிட்ட கடிகாரம் இருக்கும். உங்ககிட்டதான் இல்ல. எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்போது வர்றீங்க!"

இந்த முறை மேசையைத் தட்டிச் சிரித்தது ஹார்லன்தான்.

இளம் போதகர் ட்ராவிஸ் வேதத்தைத் திறந்தார். "உங்க சண்டையை அங்கேயே நிறுத்துங்க. இன்னைக்கு ஏவாள் கதை. ஆதாமுக்கு ஏத்த துணைன்னு படிக்கிறோமில்ல, எபிரேயத்துல அந்த இடத்துல 'அவனுக்கு எதிரே'ங்கிற சொல்லு கிடக்கு."

"எதிரேன்னா?" என்றாள் வெல்டா.

"முகத்துக்கு முகம் நிக்கிறவ. ஒத்து ஊதுறவ இல்லம்மா. எதிர நின்னு தாங்குறவன்னும் பெரியவங்க அர்த்தம் சொல்றாங்க."

வெல்டாவின் கையிலிருந்த முள்கரண்டி அப்படியே நின்றது. ஒத்துப்போவதுதான் ஏற்ற துணை என்று எத்தனை கல்யாணப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறாள்! இறந்துபோன அவள் கணவர் க்ளேட்டன் தங்கமான மனுசன். எது சொன்னாலும் "சரி வெல்டா" என்பார். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கடிகாரச் சத்தம்தான் கேட்கும். இந்த வாத்தியாரோடு மல்லுக்கட்டவென்றே இப்போது அவள் ஆதியாகமத்தை வரிவரியாகப் படிக்கிறாள். வேதம் அவளுக்கு இவ்வளவு ருசித்ததே இல்லை.

கூட்டம் முடிந்ததும் தொட்டியருகே போனாள். ஹார்லன் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் துடைக்கும் துணியை எடுத்தாள்.

"வாத்தியாரே, நீங்க சொல்றதெல்லாம் தப்பு."

அவர் முகம் வாடியது. "புரியுதும்மா. உங்க முடிவு அதுன்னா..."

"முழுசாக் கேளுங்க. அந்தச் சுறா வெள்ளத்துலதான் செத்துச்சு. சாகுறவரைக்கும் அதைத்தான் சொல்லுவேன், உங்க முகத்துக்கு எதிரேயே உக்காந்து, தினமும், காலைச் சாப்பாட்டுலேயே ஆரம்பிச்சு. சம்மதமா?"

சோப்பு நுரைக்குள் ஒரு தட்டு நழுவி விழுந்தது.

"சம்மதமாவா? ஸ்தோத்திரம்!"

"அப்போ கோதுமை அறுப்புக்கு முன்னாடி கல்யாணத்தை வெச்சுக்கலாம்."

"முன்னாடியா? அறுப்பு முடிஞ்ச பிறகுதானே ஊருக்கே ஓய்வு?"

"முன்னாடிதான்."

"ஏம்மா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க..."

"ட்ராவிஸ்!" என்று கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள் வெல்டா. "இங்க வாங்க, உங்க எபிரேயம் வேலை செய்யுது!"