சம்பந்திக்கு வாளிச் சத்தம் தெரியும்

1

இந்தக் கதை ஒரு மீன்தலையிலிருந்து தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலை மட்டும்தான். செவுளுக்குப் பின்னால் கத்தி வைத்ததுபோல வெட்டுப்பட்டிருந்தது. அக்கா வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், அதை அடுக்களைத் தொட்டியில் போட்டுவிட்டுச் சொன்னார்:

"இந்தா மாப்ள, நமக்கு இவ்வளவுதான். மீதிய சம்பந்தி சாப்பிட்டுட்டாரு."

சம்பந்தி ஒரு சுறா. முதுகுத் துடுப்பில் ஒரு துண்டு போன பெரிய சுறா. தூண்டிலில் மாட்டிய மீனை அத்தான் மேலே இழுப்பதற்குள் உடம்பைக் கவ்விக்கொண்டு போய்விடும். கூப்பிடாமல் வந்து, முதல் பந்தியில் உட்கார்ந்து, ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் கிளம்புகிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பது என்று அத்தான் கேட்கிறார். [அவருக்குப் பிள்ளைகள் இல்லை. நிஜச் சம்பந்தி வாய்க்கப்போவதில்லை. அந்தத் தைரியத்தில் பேசுகிறார்.]

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

'கடல் அன்று அமைதியாக இருந்தது. தொடுவானத்தில் ஒரு'

விட்டுவிட்டேன். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வாந்திதான். படகில் கால் வைத்தாலே குடல் வாய்க்கு வந்துவிடும். பிறகு சுறாவே கதை சொல்வதாக:

'எனக்குப் பசித்தது. பசி என்பது, நண்பர்களே,'

இதுவும் வேண்டாம். முன்பொரு கதையில், பிடிபட்ட மீன் மெல்ல இமை மூடியது என்று எழுதிவிட்டு அத்தானிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "அந்த மீனுக்கு ஏது மாப்ள இமை?"*

* நான் எழுதுவது ஒன்றையும் அவர் விடமாட்டார். ரசிக்க அல்ல, பிழை பிடிக்க. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

3

படகு ஒன்று, தொழில் இரண்டு. வாரநாட்களில் அத்தான் தனியாகப் போய் மீன் பிடித்துச் சந்தைக்குக் கொடுக்கிறார். சனி, ஞாயிறுகளில் அதே படகில் அக்கா, பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்களை அழைத்துப்போகிறாள். பல் மருத்துவர், வங்கிக்காரர், அவர்களின் மைத்துனர்கள். அத்தானுக்கு இவர்களைக் கண்டாலே ஆகாது.

"புடிச்ச மீனுக்கு முத்தம் குடுத்துத் திருப்பி விடுறானுங்க. அப்புறம் எதுக்கு அதப் புடிச்சானாம்?"

அதனால் அந்த இரண்டு நாளும் அவர் படகுப் பக்கமே போவதில்லை.

சம்பந்தியின் தொல்லை தாங்காமல் அவர் இடம் மாற்றிப் பார்த்தார். பாறைத்திட்டை விட்டு ஆழத்துக்குப் போனார், அங்கேயும் வந்தது. கரையோரமாக வந்தார், கரையோரமும் வந்தது. இன்ஜினை அணைத்து, வாளியைப் படகோரத்தில் தட்டிப் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தூண்டிலை இறக்கினால், சற்று நேரத்தில் அந்தத் துடுப்பு தெரியும்.

"அதுக்கு என்மேல ஏதோ வன்மம் மாப்ள," என்றார்.

எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. வன்மம் வைத்த சுறா! இனி கதை தானாக நடந்துவிடும் என்று நினைத்தேன்.

4

ஆனால் பாத்திரம் ஒட்டவில்லை. வன்மம் வைக்க அதற்கும் இவருக்கும் என்ன, பங்காளித் தகராறா? நேரில் பார்த்துவிடலாம் என்று போன ஞாயிறு அக்காவுடன் கிளம்பினேன். எதிர்பார்த்தபடியே வாந்தி. படகோரத்தில் கவிழ்ந்தே கிடந்தேன்.

மீன் கடிக்கவில்லை. வந்தவர்கள் கைபேசியை நோண்ட ஆரம்பித்தார்கள். அக்கா இன்ஜினை அணைத்தாள். வாளியைப் படகோரத்தில் தட்டினாள். அதிலிருந்த மீன்தலைகளைக் கடலில் கொட்டினாள். வந்தது, துண்டு போன துடுப்பு. பல் மருத்துவர் குழந்தையாகிக் கூச்சல் போட்டார். அவர்கள் எல்லோரும் சுறாவைப் பார்த்தார்கள். நான் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

[யார் பிடித்த மீனின் தலைகள் என்று கேட்கிறீர்களா? அத்தான் அடுக்களைத் தொட்டியில் போட்டவைதான்.]

வன்மமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அதே படகு, அதே இன்ஜின், அதே வாளி. சாப்பாடு போடுகிற வீட்டுக்கு அது வருகிறது. எந்த நாளில் யார் ஓட்டுகிறார்கள் என்பது அதற்கெப்படித் தெரியும்?

5

நான் வாளியைப் பார்த்ததை அக்கா கவனித்துவிட்டாள். படகைக் கட்டிவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"வர்றவங்க எதையும் பாக்காம திரும்பிப் போனா அடுத்த வாரம் யாருடா வருவா? ஏதோ ஒருநாள் விளையாட்டா போட்டேன். அப்படியே பழகிடுச்சு. எனக்கும், அதுக்கும்."

"அத்தான்கிட்ட சொல்லிடு."

"என்னன்னு சொல்ல? உங்க வாய்ல மண்ணப் போட்டது நான்தான்னா?"

அத்தானும் சும்மா இருக்கவில்லை. என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கொக்கியும் இரும்புச் சங்கிலியும் வாங்கி வந்துவிட்டார். சங்கிலியைப் படகில் பிணைத்துக்கொண்டு, திங்கட்கிழமை சம்பந்திக்கு விருந்து வைக்கப் போகிறாராம். தனியாக. படகு சிறியது, சம்பந்தி அதில் பாதி இருக்கும். அத்தான் நன்றாக நீந்துவார். காலில் சங்கிலி சுற்றிக்கொண்டால் நீச்சல் என்ன செய்யும்? எனக்குப் பயமாக இருக்கிறது. இதை அழகாகச் சொல்ல வரவில்லை.

6

எழுதிப் பார்த்த முடிவுகள்:

சுறா சாகிறது. அடுத்த வாரம் அதே வாளிச் சத்தத்துக்கு இன்னொன்று வருகிறது.

சுறா மனம் திருந்தி வேறு கடலுக்குப் போய்விடுகிறது. [சோம்பேறி எழுத்தாளனின் முடிவு.]

சங்கிலி இறுகுகிறது, படகு ஒருபக்கமாகச் சாய்கிறது, அத்தான்

இந்த இடத்தில் அக்கா தாளைப் பிடுங்கிக்கொண்டாள். அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள்.

"முடிவு கிடக்கட்டும். நடந்தத அப்படியே எழுது. எனக்கு வாய் வராது. நீ எழுதினா, தப்புக் கண்டுபிடிக்கவாவது அவர் கடைசிவரைக்கும் படிப்பாரு."

7

ஆகவே வாசகரே, மன்னிக்க வேண்டும். உங்களைச் சாக்காக வைத்து இவ்வளவு நேரம் வேறொருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அச்சாகும்வரை பொறுக்க நேரமில்லை, நாளை திங்கட்கிழமை. "பிழை பாத்துக் குடுங்க" என்று இந்தத் தாள்களை அவர் கையில் கொடுக்கப்போகிறேன்.

அத்தான், நீங்கள் கூடத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, இந்த வரிக்கு வந்திருப்பீர்கள். எதிரே நான் எதுவும் தெரியாதவன்போல நகம் கடித்துக்கொண்டிருப்பேன். அடுக்களையில் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதல்லவா? கழுவிய தட்டையே அக்கா மறுபடி கழுவிக்கொண்டிருப்பாள்.

சங்கிலி வாசலில் இருக்கிறது. வாளியும் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. காலையில் எதை எடுத்துக்கொண்டு போவீர்கள், எதை விட்டுவிட்டுப் போவீர்கள் என்பதை என்னால் எழுத முடியாது. பிழைகளை ஓரத்தில் குறித்து வையுங்கள், திட்டையெல்லாம் பிறகு வாங்கிக்கொள்கிறேன். இப்போது அடுக்களைப் பக்கம் ஒரு குரல் கொடுங்கள். அவளாக வரமாட்டாள். நீங்கள்தான் கூப்பிட வேண்டும்.