போத்தலுக்குள் ஒரு வாய்

அந்தப் போத்தலைக் கூடத்து மேசையில் கண்டதும் நல்லையாவுக்குக் காலையில் குடித்த தேநீர் தொண்டை வரை ஏறி வந்தது. விலாங்கு போல நீண்டு, தோல் வெளிறிய ஒன்று மருந்துத் தண்ணீரில் சுருண்டு கிடந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு வாய். அதற்குள் வளையம் வளையமாக மஞ்சள் பற்கள்.

“என்ன கருமம்மா இது? இன்னிக்கு வீட்டுக்கு ஆளுங்க வராங்க.”

“லாம்ப்ரேப்பா. தாடை இல்லாத மீன். நாளைக்குக் கலேவெலயில டீச்சர்மாருக்கு வகுப்பு இருக்கு. அசைக்காதீங்க, மூடி ஒழுகுது,” என்றாள் சிவநந்தினி.

மகள் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பிக்கிறாள். அதில் நல்லையாவுக்குப் பெருமைதான். குறையெல்லாம் அங்கே அவள் தேடிக்கொண்ட உதயராஜ். அவனும் விரிவுரையாளன், நல்ல பையன்; ஆனால் அவன் அப்பன் செல்லச்சாமி யட்டவத்தைக்கு மேலே தோட்டத்துக் கூலிகளின் லயத்தில் பிறந்தவன். அதே தோட்டத்தில் நல்லையாவின் தாத்தா கூலிகளை ஆண்ட பெரிய கங்காணி. மேசைக்கு நேர் மேலே அவர் படம்: தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு. மாத்தளையில் மிளகுக் கடை வைத்து, யார் வயிற்றிலும் அடிக்காமல் பிழைத்த குடும்பம் என்று நல்லையா சொல்லும்போதெல்லாம் அவர் கை தானாக அந்தப் படத்துக்குப் போகும்.

“வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. ஆனா அவங்களப் பாக்காம சொல்லாதீங்க,” என்று மகள் கேட்டிருந்தாள். சரியென்றார். மறுக்கும் முறை அவருக்குத் தெரியும். வந்தவர்கள் நீட்டும் வெற்றிலைத் தட்டைக் கையில் வாங்கினால் சம்மதம்; மேசையில் வைக்கச் சொன்னால் இல்லை. குரல் உயரத் தேவையில்லை.

அப்பனும் மகனும் வெற்றிலைத் தட்டோடு வந்தார்கள். “உக்காரலாம்,” என்றார் நல்லையா. ‘வாங்க’ என்று சொல்ல நாக்கு வளையவில்லை. ‘வா’ என்று சொல்லக் காலம் விடவில்லை.

செல்லச்சாமி போத்தலைப் பார்த்துச் சிரித்தார். “அட, மழைக்கு நம்ம கால்ல ஏறுற அட்டைக்குப் பெரியப்பன் மாதிரி இருக்கே பாப்பா!”

“அப்பா, சும்மா இருங்க,” என்றான் உதயராஜ்.

“அவரு சொல்றது சரிதான். இதுவும் மீன் ஒடம்புல ஒட்டிக்கிட்டு ரத்தம் உறிஞ்சும். நாக்குலயும் பல்லு இருக்கு,” என்றாள் சிவநந்தினி.

செல்லச்சாமியின் கண் மேலே போனது. “பெரிய கங்காணிதானே? எங்கம்மா அழகாயி சொல்லும். சம்பள நாள்ல அவரு குடையக் கண்டாலே பொம்பளைங்க காசு முடிஞ்ச மடிய இறுக்கிப் புடிச்சுக்குவாங்களாம்.” மழையைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆள் தலைக்கு இவ்வளவு என்று கூலியில் கங்காணி கழித்துக்கொண்டதைப் பற்றி நல்லையாவின் வீட்டில் யாரும் பேசியதில்லை.

பேச்சை மாற்ற அவருக்கு வேறொன்றும் கிடைக்கவில்லை. அருவருப்பை விழுங்கிக்கொண்டு போத்தலைக் காட்டினார். “இந்த மீனெல்லாமே ரத்தம் குடிக்கிறதுதானா?”

“இல்லப்பா. இன்னொன்னு இருக்கு, சின்னது. வளந்த பொறகு ஒண்ணுமே திங்காது. முட்டையிட்டுட்டுச் செத்துரும்.”

“அப்ப அது வேற இனம்.” அவர் முதுகு நிமிர்ந்தது.

“ரொம்பக் காலமா அப்படித்தான் ரெண்டு பேரு வச்சுப் பிரிச்சிருந்தாங்க. ஆனா சில ஆத்துல ரெண்டும் ஒரே குழியில சேந்து முட்டையிடுது. குஞ்சுங்க கண்ணு தெரியாம வருசக்கணக்கா சேத்துல கெடக்கும். எது எதுன்னு பிரிச்சுச் சொல்ல ஏலாது. ஜீனப் பாத்தாலும் அங்க ஒண்ணாத்தான் தெரியுது.”

“எதுலருந்து எது வந்துச்சு?”

அவள் தயங்கினாள். பொய் சொல்லிவிடுவாளென்று அவர் ஒரு கணம் நம்பினார்.

“ரத்தம் குடிக்கிறதுலருந்துதாம்பா, குடிக்காதது வந்துச்சு.”

யாரும் படத்தைப் பார்க்கவில்லை. மூன்று பேரும் கவனமாகப் பார்க்காமல் இருந்ததுதான் அவரை உறுத்தியது.

செல்லச்சாமி எழுந்து, தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். “நம்ம புள்ளைங்க ஆசைப்படுது. பெரிய மனசு பண்ணி வாங்கிக்கணும்.”

“மேசையில வைக்கலாம்,” என்றார் நல்லையா.

சிவநந்தினியின் முகம் வெளுத்தது. செல்லச்சாமி குனிந்தார்; தேநீர்க் கோப்பைகளும் போத்தலும் மேசையை அடைத்திருந்தன. “வைக்க எடமில்லீங்களே ஐயா.”

உதயராஜ் போத்தலை எடுக்கக் கை நீட்டினான். “விடுங்க,” என்றாள் சிவநந்தினி. “அப்பாவே எடுக்கட்டும்.”

நல்லையா எழுந்து, தன் கையாலேயே அதைத் தூக்கினார். அடியெல்லாம் ஈரம். வழுக்கிய போத்தலை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மூடியிலிருந்து கசிந்த தண்ணீர் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. உள்ளே அது மெதுவாகப் புரண்டு, திரும்பி, வாய் விரித்தபடி அவர் கட்டைவிரலுக்கு நேரே கண்ணாடியில் வந்து படிந்தது.

மேசையில் இப்போது இடமிருந்தது. செல்லச்சாமி இன்னும் தட்டைக் கீழே வைக்கவில்லை. அவர் பக்கம் நீட்டியபடியே இருந்தார். போத்தலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நல்லையா நின்றார்.