மூலையில் தொட்டு நின்ற அறை

எழுதத் துணிந்தமைக்கு முதற்கண் பொறுத்தருள வேண்டுகிறேன். நான் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராகப் பணிபுரிபவள். சாட்சி சொல்வதையும் வழக்கறிஞர் குறுக்கே கேட்பதையும் குறிப்பெடுத்துப் பழகிய கை இது. எதிரே ஒருவர் பேசாவிட்டால் இந்தக் கைக்கு என்ன செய்வதென்று தெரியாது. என் நாத்தனார் கேட்டுக்கொண்டதனால்தான் எழுதுகிறேன். நடை எங்கேனும் தடுமாறினால் பழக்கமின்மை என்று கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

என் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை வேலைக்குக் கிளம்பினார், ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தார், நிமிரவில்லை. நாற்பத்தெட்டு வயது. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை.

மாலை வேளைகளில் அவர் டிவியில் ஒரு விளையாட்டு ஆடுவார். நூறு பேர் வெறுங்கையோடு ஒரு தீவில் குதிப்பார்கள். சுற்றிலும் ஒரு புயல் நெருங்கி நெருங்கி இடத்தைச் சுருக்கும். கடைசியில் உயிரோடு நிற்பவர் வென்றவர். சுடுவது இப்படிப்பட்ட எல்லா விளையாட்டிலும் உண்டாம். இதில் கூடுதலாக, மரத்தை வெட்டியும் கல்லை உடைத்தும் சேர்த்துக்கொண்டு, வேண்டிய கணத்தில் சுவரும் சரிவும் எழுப்பி மறையலாம், ஏறலாம். அவர் விளையாடும்போது அதே அறையில் நான் அன்றைய குறிப்புகளைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பேன். ஒரு நாளும் தலைநிமிர்ந்து திரையைப் பார்த்ததில்லை.

அவர் போன பிறகு ஒரு மாலை அவருடைய தங்கை தொலைபேசியில் அழைத்தாள். வேறோர் ஊரில், செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை செய்கிறாள். ஆள் மெலிந்தவள், பேச்சு பட்டால் சுருக்கென்று இருக்கும். ஆகவே அவர் அவளைக் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்; நாளடைவில் நானும் அப்படியே கூப்பிடலானேன்.

"அண்ணி, அண்ணனோட தீவைப் பார்த்தீங்களா?"

"எந்தத் தீவு?"

"சரியாப் போச்சு. கூடவே உக்காந்திருந்தீங்களே, டைப் மெஷினைத் தவிர ஒண்ணையும் பார்க்கலையா? டிவியைப் போடுங்க."

அவள் சொல்லச் சொல்ல ஹெட்செட்டை மாட்டி, கன்ட்ரோலரைக் கையில் எடுத்தேன். ஆடுபவர் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு பயிற்சித் தீவு உண்டாம். அங்கே சுட எவரும் வர மாட்டார்கள். கட்டியது கட்டியபடியே இருக்கும். உடைத்தாலும் உடைத்தபடியே.

கடலோரப் பாறையின் மேல் ஒரு கல்வீடு நின்றது.

நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டுச் சமையலறைக்கு ஜன்னல் இல்லை. அதைப் பற்றி நான் முணுமுணுக்காத கோடைகாலம் இல்லை. திரையில் இருந்த வீட்டில் அடுப்புக்கு இடப்புறம், கை எட்டும் உயரத்தில், ஒரு ஜன்னல். பார்த்ததும் கன்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டேன். குண்டூசிதான் பேச்சைத் தொடர்ந்தாள்.

"கீழ் வீட்டை நான் ஒரு தடவை விருந்தாளியா வந்து பார்த்திருக்கேன். பின்னாடி மேல ஒரு ரூம் தெரியுது பாருங்க. அதுல என்னன்னு கேட்டேன். ‘அது உனக்கில்ல, போடி’ன்னுட்டாரு."

வீட்டின் பின்புறம், கூரைக்கும் உயரத்தில், ஓர் அறை நின்றது. ஏறுவதற்குப் படி இல்லை. படி எங்கே வைப்பது என்று அவர் முடிவு செய்திருக்கவில்லையாம். வேண்டும்போது சரிவு கட்டி ஏறுவார், இறங்கியதும் உடைத்துவிடுவார். விருந்தாளிக்குப் பிறர் தீவில் கட்ட உரிமை கிடையாது. அவர் கணக்கில் நுழைபவர்தான் கட்ட முடியும்.

"லீவு கிடைச்சதும் வந்து நான் ஏறிக் காட்டட்டுமா அண்ணி?"

"வேண்டாம்மா. நானே ஏறறேன்."

"நீங்களா? ரிமோட்டுக்கு பேட்டரி மாத்தவே அண்ணனைக் கூப்பிடுவீங்க."

"இப்ப கூப்பிட முடியாதே."

அன்று அதற்குமேல் அவள் கேலி செய்யவில்லை.

மறுநாள் முதல் பாடம். துண்டுகள் நான்கே: சுவர், தளம், சரிவு, கூரை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான்.

"எதைக் கட்டினாலும் மண்ணோட தொடர்பு இருக்கணும் அண்ணி. தானே மண்ணைத் தொடணும்னு இல்ல, மண்ணைத் தொடறதைத் தொட்டாப் போதும். ஆனா விளிம்போட விளிம்பு சேரணும். மூலையும் மூலையும் இடிச்சுக்கிட்டு நின்னா அது ஒட்டு உறவில்ல, சும்மா பக்கத்து வீடு."

"சரிம்மா."

"எல்லாத்துக்கும் சரிம்மா. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

வீட்டைச் சுற்றியிருந்த புல்வெளியில் பழகினேன். சரிவு கேட்டால் சுவர் வரும். சுவர் கேட்டால் என் தலைக்கு மேல் கூரை வரும். அலுவலகம் விட்டு வந்து, கைகால் கழுவி, விளக்கேற்றும் நேரம் வரை இதே வேலை. புல்வெளி எங்கும் மரச்சுவர்கள் முளைத்தன. வீட்டின் மீது மட்டும் கை வைக்கவில்லை. சுற்றிக்கொண்டுதான் போவேன்.

மேல் அறையின் திறந்த பக்கம் கடலை நோக்கி இருந்தது; அதன் அடியில் மண் இல்லை, செங்குத்துப் பாறைதான். நேராக ஏறிப் போக வழியில்லை. பக்கவாட்டில் ஏறி, அந்தரத்தில் திரும்பி, கால் ஊன்றுவதற்கு முன்பே அடுத்த துண்டை வைக்க வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் யோசித்தேன். ஒவ்வொரு முறையும் விழுந்தேன்.

"இங்கயே உருண்டா கை வராது. மேட்சுக்கு வாங்க. தண்ணியில இறங்காம நீச்சல் வராது" என்றாள் குண்டூசி.

என் முதல் மேட்ச்சில் ஒரு மரத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். எதிரே ஒருவர் வந்தார். வழி விட்டு ஒதுங்கி நின்றேன். அவர் சுட்டார்.

"அண்ணி, அவனுக்கு எதுக்கு வழி விட்டீங்க?"

"அவசரமா வந்தாரும்மா."

இரண்டாம் நாள் நான்கு பக்கமும் சுவர் எழுப்பிக் கூரையும் போட்டுக்கொண்டேன். சுவரில் கதவு வெட்டுவதை அப்போதுதான் கற்றிருந்ததால் ஒரு கதவும் வைத்தேன்.

"இது யாருக்கு?"

"வெளிய போக வேண்டாமா?"

"வெளிய போறது நீங்க. உள்ள வர்றது அவங்க. மகராசி, சாகறதுக்கு வாசல் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களே!"

சிரித்தேன். அவர் போன பிறகு அந்த அறையில் என் சிரிப்பை நான் கேட்டது அன்றுதான். உடனே நிறுத்திக்கொண்டேன்.

அவள் கற்றுத்தந்தவற்றுள் முதன்மையானது இது: சரிவு வைக்கும்முன் அதற்கு முன்னால் ஒரு சுவர் வைக்க வேண்டும். நெஞ்சைக் காட்டிக்கொண்டு ஏறக் கூடாது. சுவர், சரிவு, குதி. சுவர், சரிவு, குதி. சொல்ல எளிது. என் விரல்களோ மூன்றையும் தனித்தனியே எண்ணிக்கொண்டிருந்தன. ஒரு நாள் நீதிமன்றத்தில், வேகமாகப் பேசும் சாட்சி ஒருவரின் பேச்சைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது எனக்கு உறைத்தது. சுருக்கெழுத்தில் சொல் முடியும்முன்பே கை பாதி வளைந்திருக்கும். இது என்ன சொல் என்று நின்று பார்த்தால் அடுத்த சொல் போய்விடும். அன்று மாலை மூன்றையும் ஒரே கோடாக இழுத்துப் பார்த்தேன். விரல் கூடவே வந்தது.

அந்த வாரத்தில் மூவர் அணியாக ஆடிய ஒரு மேட்ச்சில் குண்டூசி முதலிலேயே அடிபட்டு வெளியேறிவிட்டாள். அணியில் எஞ்சியிருந்தவர் எனக்கு முன்பின் தெரியாத ஓர் ஆண். திடீரென்று அவர் குரல் உயர்ந்தது.

"லிஃப்ட் அண்ணே! லிஃப்ட் அண்ணே, நீங்கதானா? எங்கண்ணே போயிட்டீங்க இத்தனை நாளா?"

என் கணவர் விளையாட்டில் வைத்துக்கொண்ட பெயர் லிஃப்ட். அதுதான் என் தலைக்கு மேல் மிதந்துகொண்டிருந்தது.

"வணக்கங்க. நான் அவரோட மனைவி பேசறேன். அவர் தவறிட்டாருங்க. இங்க பழகினவங்களுக்கும் சொல்லணும்னு எனக்குத் தோணல. தயவுசெஞ்சு மன்னிச்சுக்குங்க."

தூரத்தில் எங்கோ சுடும் சத்தம் கேட்டது. பிறகு அவர் மிக மெதுவாகச் சொன்னார்:

"அக்கா, குனிஞ்சுக்குங்க. மேட்டுல ஆள் இருக்கான்."

எனக்கு முன்னால் ஒரு சுவர் எழுந்தது. அவர் வைத்தது. "அண்ணன் இதத்தான் செய்வாரு. தனக்கு முன்னாடி கூட இருக்கறவனுக்குத்தான் முதல் சுவரு. இப்ப நீங்க வைங்க, ஏறுவோம்."

வைத்தேன். சுவர், சரிவு, குதி. திரும்பினேன், மறுபடி. மேலே மூன்றாம் அடுக்கில் நின்று கீழே பார்த்தபோதுதான், நடுவில் ஓரிடத்திலும் யோசிக்கவில்லை என்பது தெரிந்தது. சற்று நேரத்தில் எதிரணியினர் எங்கள் இருவரையும் வீழ்த்திவிட்டார்கள். "போய்ட்டு வரேன்கா" என்று சொல்லி அவர் விலகினார். அவர் யாரென்று கேட்காமல் இருந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு பிற்பகல் தீவுக்குப் போனேன். பக்கவாட்டில் ஏறி, கடலுக்கு மேல் திரும்பி, மேல் அறைக்குள் கால் வைத்தேன்.

வெகு காலம் முன்பு, பிறர் பேச்சையே எழுதி அலுத்துவிட்டது என்று அவரிடம் ஒரு முறை சொன்னதுண்டு. அவர் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததாகக்கூடத் தெரியவில்லை. அந்த அறையில் ஜன்னலோரம் ஓர் எழுதுமேசை இருந்தது. அதன்மேல் ஒரு விளக்கு. விளையாட்டில் நாற்காலியில் உட்கார முடியும். உட்கார்ந்தேன். ஜன்னல் வழியே வீட்டுக்கு வரும் பாதை முழுவதும் தெரிந்தது. வெளியே நிஜ வெயில் சாய்ந்து டிவியின் மேல் விழும் வரை எழுந்திருக்கவில்லை.

இறங்கியதும் அவரைப் போலவே சரிவுகளை உடைத்துவிட்டு, குண்டூசியை அழைத்தேன்.

"ஏறிட்டேம்மா."

"என்ன அண்ணி இருக்கு? சொல்லுங்க, சொல்லுங்க!"

"நீயே வந்து பாரு. உன் கண்ணு முன்னாடி கட்டிக் கூட்டிட்டுப் போறேன்."

"புருஷனும் பொண்டாட்டியும் ஒரே அச்சு. வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடும். அரை மணியில வரேன். ஞாயித்துக்கிழமையும் வேலை, கையெல்லாம் பல் மெழுகு."

புல்வெளியைப் பார்த்தேன். நாள்கணக்காக நான் எழுப்பிய மரச்சுவர்கள் கோணல்மாணலாக நின்றன. நாத்தனார் முதன்முதலாக அந்த அறையைப் பார்க்க வருகிறாள்; முற்றம் இப்படியா கிடப்பது? அவர் விட்டுச்சென்றபடி இடம் துலக்கமாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. கோடரியை எடுத்து ஒவ்வொன்றாக உடைத்து வந்தேன். முன்புறம் முடிந்தது. பக்கங்கள் முடிந்தன. பின்புறம் போனேன். அங்கே, வீட்டுச் சுவரை ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக மரச்சுவர்கள் நின்றன. அவர் கட்டியவை அனைத்தும் கல். மரமென்றால் நான் வைத்ததுதான். இதை எப்போது வைத்தேன் என்று நினைவில்லை. நினைவில்லாமல் எத்தனையோ வைத்திருந்தேன். அடியில் இருந்ததை உடைத்தேன்.

பெரிய சத்தம் ஏதும் இல்லை. மேல் இரண்டு மரச்சுவர்கள் போயின. பிறகு மேல் அறையின் தளம் ஒரு முறை நீலமாக மினுங்கி மறைந்தது. சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக, கூரை, உள்ளே இருந்த பொருள்கள். டிவியில்தான் கோளாறு என்று நினைத்தேன். திரையின் ஓரத்தில் ‘சேமிக்கப்பட்டது’ என்ற சொல் தோன்றி மறைந்தது. அறை இருந்த இடத்தில் கடல் தெரிந்தது. கீழ் வீட்டுக் கூரையின் மூலை மட்டும், அறை தொட்டுக்கொண்டிருந்த இடத்தில், வெறுமையாக நின்றது.

குண்டூசி வந்தாள். அவள் உருவம் வாசலில் இறங்கி, வீட்டைச் சுற்றி ஓடிப் பின்புறம் வந்து, என் எதிரே நின்றது.

"அண்ணி, மேல எங்க?"

சொன்னேன்.

"மரச்சுவரா? மூணு அடுக்கா இருந்ததா? ஐயோ அண்ணி... அது அண்ணன் வச்ச முட்டு. அந்த ரூம் கீழ் வீட்டோட மூலையிலதான் தொட்டுக்கிட்டு நின்னுச்சு. படிக்கு இடம் பார்க்கறதுக்காக நகத்தி வச்சிருப்பாரு." நிறுத்தினாள். "நான் சொன்னேனே."

"நீ சொன்னேம்மா. புரிஞ்சுதுன்னு நானும் சொன்னேன்."

"எதுக்கு உடைச்சீங்க?"

"நீ வர்றேன்னு சுத்தம் பண்ணேன்."

அவள் உருவம் கூரையின் வெறும் மூலையை நோக்கித் திரும்பியது.

"நான் பார்க்கவே இல்லையே அண்ணி."

"அப்படியே திரும்பக் கட்டிடறேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."

"கட்டலாம். ஆனா அது நீங்க கட்டினது." அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும். "அண்ணி, ஒண்ணு செய்யுங்க. அங்க என்ன இருந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க. இப்ப வாயால சொல்லாதீங்க, என்னால கேக்க முடியாது. ஏறினதுலேர்ந்து எல்லாத்தையும் எழுதுங்க."

"எனக்கு சொந்தமா எழுத வராதும்மா."

"கட்டவும் வராதுன்னுதான் நான் நெனச்சேன்."

ஆகவே எழுதினேன். மேல் அறையில் இருந்து போனவை வருமாறு.

கல்தளம், நான்கு துண்டு. மூன்று பக்கக் கல்சுவர்கள். கடல் பக்கம் அவர் இன்னும் எழுப்பவில்லை. பாதையைப் பார்த்த ஜன்னல் ஒன்று. கூரை, பாதி. எழுதுமேசை ஒன்று. பச்சை மூடியிட்ட விளக்கு ஒன்று, எரிந்துகொண்டிருந்தது. நாற்காலி இரண்டு, ஒன்று மேசையருகே, மற்றது சுவரோரம். தொட்டிச் செடி ஒன்று. அறையைத் தாங்கிய மரச்சுவர் மூன்று.