முருங்கையடியில் ஏழாவது குழி

பாலவாக்கத்தில் அய்யாதுரையின் கீரைத் தோட்டக் கிணறு இரண்டு மாதமாக எண்ணெய் நாற்றம் அடித்தது. காரணம் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி தங்கபுஷ்பம். அவள் வாயைத் திறப்பதாக இல்லை.

போன வருஷம், எழுபத்து மூன்றில், மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது, ரேஷனில் வாங்கியதில் மிச்சம் பிடித்து இரண்டு டின் நிரப்பி, சமையலறைக்குப் பின்னால் முருங்கையடியில் புதைத்திருந்தாள். புருஷனுக்குச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் ஆளுக்கொரு பாட்டிலோடு வாசலில் நிற்கும். கடலோர உப்பு மண் டின்னைத் தின்றுவிடும் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. ஒன்று ஓட்டையாகி, மணலில் இறங்கி, கிணற்றை எட்டிவிட்டது. நாற்றம் வந்த அன்றைக்கே, "பக்கத்து லாரி ஷெட் டீசலா இருக்கும்" என்று முதலில் சொன்னவளும் அவள்தான். அய்யாதுரை அதைப் பிடித்துக்கொண்டார். லாரி ஷெட் ராஜரத்தினத்தின் ஏழு தலைமுறையையும் வேலியோரம் நின்று விசாரித்தார். கலெக்டருக்கு மனுவும் போட்டார்.

இதற்கிடையே சைதாப்பேட்டை மார்க்கெட்டில் அவருடைய கீரையை மோந்து பார்த்தே திருப்பி அனுப்பினார்கள். மயிலாப்பூரில் வாடிக்கையாகக் கீரை எடுத்த மெஸ், பரிசோதனைக் கடிதம் இல்லாமல் இனி வரவேண்டாம் என்றது.

ஆகவே ஒரு கல்லூரியின் ரசாயன டெமான்ஸ்ட்ரேட்டர் சுந்தரராமன் வந்து இறங்கினார். மண்ணுக்குள் இருக்கும் ஆவியை அளக்கக் கல்லூரியில் ஒரு கருவி உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த நாள் முதல் அது பீரோவிலேயே இருந்தது. வெளியே எடுத்தால் கெட்டுவிடும் என்று துறைத்தலைவர் அஞ்சினார். எனவே கருவிக்குப் பதிலாக, பாண்டி பஜாரில் அத்தர் விற்கும் ஷரஃபுதீனின் மூக்கை அழைத்து வந்திருந்தார் சுந்தரராமன்.

முறை எளிது. கடப்பாரையால் மூன்றடிக் குழி. அதன் மேல் கண்ணாடிப் புனல், சுற்றிலும் ஈரமண் பூச்சு. பத்து நிமிஷம் கழித்து ஷரஃபுதீன் குனிவார். கிணற்றுத் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்து வெயிலில் வைத்தார்கள். மேலே மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம் மிதந்தது.

முதல் குழியை வேலியோரத்தில், லாரி ஷெட்டை ஒட்டிப் போடச் சொன்னார் அய்யாதுரை. ஷரஃபுதீன் குனிந்தார், நிமிர்ந்தார்.

"ஒண்ணும் இல்ல நைனா. சுத்தமா கீது."

இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. அய்யாதுரையின் முகம் வாடியது. தன் தோட்டத்து மண் சுத்தமாக இருப்பதற்காக இவ்வளவு வருத்தப்பட்ட விவசாயி அந்தத் தாலுகாவில் வேறு இல்லை. நான்காவது குழியில் ஷரஃபுதீன் தலையை ஆட்டினார். டீசல் இல்லை, கிருஷ்ணாயில், அதாவது மண்ணெண்ணெய் என்றார். வாசம் வீட்டுப் பக்கமிருந்து வருகிறதாம்.

தங்கபுஷ்பம் சுறுசுறுப்பானாள். முதலில் சாம்பிராணி போட்டாள். மட்டமான சரக்கு, நம்ம கடைக்கு வாம்மா என்றார் ஷரஃபுதீன். டபரா நிறையக் காப்பி கொடுத்தாள். சிக்கரி தூக்கல் என்று சொல்லிக் குடித்துவிட்டு ஐந்தாவது குழிக்குப் போனார். கடைசி அஸ்திரமாகக் கருவாட்டை வாணலியில் போட்டாள். சுந்தரராமன் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தென்னை மரம் வரை ஓடினார். ஷரஃபுதீன் கண்ணை மூடி ஒருமுறை இழுத்தார்.

"நெத்திலி. போன வாரத்துது. ரெண்டு எடுத்து வையிம்மா, வந்துர்றேன்."

ஆறாவது குழியில் புனலை எடுக்கும் முன்பே அவருக்குத் தும்மல் வந்தது. முருங்கையைக் கை காட்டினார். சுந்தரராமன் திரும்பி வந்து கடப்பாரையை எடுத்தார்.

ஏழாவது குழிக்கு அவர் குறி பார்த்த இடம் முருங்கைக்கு வலப்பக்கம். ஓட்டை டின் இடப்பக்கம். வலப்பக்கம் இருந்தது முழு டின். தொண்டை வரை நிறைந்த, ஒரு துளி சிந்தாத, ரேஷன் கடையில் மூன்று வாரமாக யாருக்கும் கிடைக்காத மண்ணெண்ணெய். கடப்பாரை மேலே போனது. மானம் பெரிதா டின் பெரிதா என்று தங்கபுஷ்பம் யோசித்த நேரம் மிகக் குறைவு.

"அங்க குத்தாதீங்க சார். ரெண்டடி இடப்பக்கம் குத்துங்க. அதுதான் ஓட்ட."

கடப்பாரை அந்தரத்தில் நின்றது. அய்யாதுரை மெதுவாகத் திரும்பினார்.

"எத்தன டின்னுட்டி?"

"ரெண்டு."

"ஞாயித்துக்கிழமதோறும் நான் க்யூவுல வெயில்ல நின்னேனேட்டி."

"அத வச்சுத்தான ரொப்புனேன்."

காலையிலிருந்து வேலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ராஜரத்தினம் குறுக்கே பேசினார்.

"யக்கா, அந்த நல்ல டின்னுல பாதி எனக்கு. ரெண்டு மாசம் வாங்குன வசவுக்கு."

"இதெல்லாம் ரிப்போர்ட்ல எழுதணுமா, மாமி?" என்று தயங்கினார் சுந்தரராமன். கடைசியில் 'உள்ளூர்க் காரணம்' என்று எழுதினார். மனுவைத் திரும்பப் பெற அய்யாதுரை இன்னொரு மனு எழுதினார். முதல் மனுவைவிட அது நீளம். ஓட்டை டின்னோடு நாறிய மண்ணையும் வெட்டி அப்புறப்படுத்தினார்கள். ராஜரத்தினம் தன் பம்பைக் கொண்டுவந்து பதினைந்து நாள் கிணற்றை இறைத்தார். அடுத்த மாதம் ஷரஃபுதீன் வந்து தண்ணீரை மோந்து தலையசைத்த பிறகு கடிதம் கிடைத்தது. மெஸ்ஸில் மறுபடி கீரை மசியல்.

பாதி டின் வேலி தாண்டிப் போனது. மீதிப் பாதி எங்கே என்று அய்யாதுரைக்குத் தெரியவில்லை. கேட்டால் தங்கபுஷ்பம் கருவாடு வறுக்கிறாள். ஷரஃபுதீனுக்கு ஒரு கார்டு போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.