டேங்கில் எழுபது இருக்கிறது

1

இந்தக் கதைக்கு மூல காரணம் என் அதிகப்பிரசங்கித்தனம்தான். போன மாதம் வீட்டில் ஹீட்டர் நின்றுபோனது. பழுதுபார்க்க வந்த மார்சி நைகார்டிடம் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

"விசிறி மோட்டார் போயிடுச்சு. வீடியோ பார்த்து உறுதிப்படுத்திட்டேன். அதை மட்டும் மாத்திடுங்க."

அவள் தலையாட்டிவிட்டு பேஸ்மென்ட்டுக்கு இறங்கினாள். நான் சொன்ன மோட்டார் பக்கமே போகாமல், காற்று வடிகட்டியை உருவி எடுத்துக் காட்டினாள். நாய்முடியும் தூசியும் அப்பி, அது கம்பளித் துண்டு மாதிரி இருந்தது. என் முகத்தில் அசடு வழிந்தது.

"நான் சொன்னதை நீங்க நம்பவே இல்லை, இல்லையா?"

"நம்பினேனே. ஆனா பார்த்துட்டு நம்பலாம்னு. ஒருதரம் பார்க்காம நம்பிட்டேன்."

புது வடிகட்டியைப் பொருத்துகிற நேரத்தில் அந்த ஒருதரத்தைச் சொல்லி முடித்தாள். முடித்தாள் என்பது பொய். முக்கியமான இடத்தில் வேறொரு வீட்டிலிருந்து அழைப்பு வந்து, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்றிலிருந்து மீதியை வைத்துக்கொண்டு நான் அல்லாடுகிறேன். இதோ, இதை எழுதும்போதும் கீழே ஹீட்டர் ஓடுகிறதா என்று ஒரு காது அங்கேயே கிடக்கிறது.

2

முதல் வரிக்கே நாக்குத் தள்ளிவிட்டது.

வெளியே வெள்ளைவெளேரென்று பனி கொட்டிக்கொண்டு —

வேண்டாம். மினசோட்டாவில் மைனஸ் முப்பதில் பனி கொட்டாது. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், மூக்குமயிர் உறையும், அவ்வளவுதான். இங்கே இருந்துகொண்டு இதைத் தப்பாக எழுதினால் பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார். (அவருக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும்.)

எண்பது வயதைத் தாண்டிய ஹார்லன் பிரெக்கே பொய் சொல்லத் தெரியாத மனிதர், ஆகவே —

இதுவும் வேண்டாம். பொய் சொல்லத் தெரிந்தவரா இல்லையா என்பதில்தான் நானே இன்னும் தடுமாறுகிறேன்.

ஹீட்டரைப் பார்க்க வந்த மார்சி பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்பே ஹார்லன் சொன்னார்: "டேங்க்ல எழுபது இருக்கு. காலையிலதான் பார்த்தேன்."

இது இருக்கட்டும். இதிலிருந்து பிடித்துக்கொண்டு போகலாம்.

3

ஹார்லனின் வீடு ஊரைத் தாண்டி, ஏரிக்குப் போகும் வழியில் இருக்கிறது. அங்கெல்லாம் நிலத்தடிக் குழாய் வழியாக கேஸ் வராது. கொல்லையில் வெள்ளை டேங்க் நிற்கும். அதன் மேல்மூடியைத் தூக்கினால் எத்தனை சதவீதம் மிச்சம் என்று முள் காட்டும். குறைந்ததும் கேஸ்காரரைக் கூப்பிட வேண்டும். மற்றவர்கள் வீட்டுக்கு லாரி தானாக வந்து நிரப்பிப் போகும். ஹார்லனுக்கு அந்த ஏற்பாடு பிடிக்காது. என் வீட்டில் எப்போது எது தீரும் என்று எனக்குத் தெரியாதா என்பார்.

டேங்கில் எழுபது சதவீதம் இருந்தது. அடுப்பு மின்சார அடுப்பு. அது வேலை செய்தது. ஹீட்டருக்கு மட்டும் முதல் நாள் ராத்திரியிலிருந்து கேஸ் வந்து சேரவில்லை. சிக்கல் இதுதான்.

"ரெகுலேட்டர் உறைஞ்சு போயிருக்கு. அதை மாத்தினா சரியாயிடும்" என்றார் ஹார்லன்.

"இருக்கலாம்" என்றாள் மார்சி.

(இந்த 'இருக்கலாம்' பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வட்டாரத்தில் ஒருவர் சொல்வதை முகத்துக்கு நேரே தப்பு என்று சொல்ல மாட்டோம். ரொம்ப மிஞ்சிப்போனால், 'அது ஒரு மாதிரியாத்தான் இருக்கு' என்போம். அது கெட்ட வார்த்தைக்குச் சமம். முதலில் டேங்கைப் பார்க்க வேண்டும் என்பது மார்சிக்குத் தொழிலில் முதல் பாடம். ஆனால் பார்த்தேன் என்று ஒருவர் சொன்ன டேங்கை, அவர் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்த் திறந்து பார்ப்பதா? அவரைப் பொய்யன் என்று சர்ச்சில் எழுந்து நின்று சொல்வதும் அதுவும் ஒன்றுதான். மார்சி இந்த மண்ணில் வளர்ந்தவள். அவளால் முடியவில்லை.)

ஹார்லன் காப்பி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். மறுபடி கேட்டார். உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்றாள். மூன்றாவது தடவை, சரி, அரை கப் என்றாள். மேல்கோட்டோடேயே நின்று, ஆள்காட்டி விரலைக் கோப்பைக்குள் மடக்கி வைத்துக்கொண்டு முழுக் கோப்பை ஊற்றினார்.

அந்த விரலை முதல் பிரதியில் அடித்துவிட்டேன். கிழவரை அசிங்கப்படுத்துகிற மாதிரி பட்டது. மறுபடி சேர்த்திருக்கிறேன்.

4

வீட்டின் வெளிச்சுவரில் இருந்த ரெகுலேட்டரை மாற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. விரல்கள் மரத்துப்போய் உள்ளே வந்தபோது ஹார்லன் மேஜையில் குக்கீ தட்டை வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"எம் பொண்ணு லினெட், ஃபார்கோல ஒரு முதியோர் இல்லத்துல எனக்கு ரூம் பார்த்து வெச்சிருக்காம்மா. லிஃப்ட் எல்லாம் இருக்காம். சாயங்காலம் அஞ்சு மணிக்கே சோறு போட்டுடுவாங்களாம், கோழிக்குப் போடற மாதிரி."

"போகப் போறீங்களா?"

"இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா சாமானைக் கட்டிடுவேன்னு சொல்லியிருக்கா."

"இன்னொரு தடவையா? முதல் தடவை என்ன ஆச்சு?"

"தபால் பெட்டி ஒண்ணு என் வண்டிக்கு முன்னால வந்து நின்னுச்சு."

மார்சி சிரித்தாள். எனக்குச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

அடுத்து ஹீட்டரின் வால்வுதான் போயிருக்க வேண்டும் என்று இருவரும் முடிவுக்கு வந்தார்கள். இருவரும் என்கிறேன், சொன்னவர் ஹார்லன், இருக்கலாம் என்றவள் மார்சி. அது வாங்க ஃபெர்கஸ் ஃபால்ஸ் வரை போய்வர வேண்டியிருந்தது. அவள் போன நேரத்தில் சமையலறையின் வடக்குச் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் உறைந்து பிளந்துவிட்டிருந்தது. ஹார்லன் நல்லெண்ணத்தில் சிங்குக்குக் கீழே சின்ன மின்ஹீட்டர் ஒன்றை வைத்தார். உறைந்தது இளகியது. மார்சி திரும்பி வந்தபோது தரையெல்லாம் தண்ணீர், அலமாரிக் கதவுகள் உப்பிக்கொண்டிருந்தன, ஹார்லன் நனைந்த காலுறையோடு துடைப்பத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் ஈரமாயிடுச்சு" என்றார்.

தண்ணீர் மெயின் வால்வை மூடிவிட்டு, அவரிடம் ஒன்றும் சொல்லாமல், அவள் கொல்லைக்கு நடந்தாள்.

5

டேங்க் வரை பனியில் பாதை வெட்டியிருந்தது. கைப்பிடிச் சுவர் மாதிரி இரண்டு பக்கமும் ஒழுங்காக. போன தடமும் வந்த தடமும் இருந்தன. மூடியைத் தூக்கினாள். கண்ணாடியில் பூத்திருந்த உறைபனியை யாரோ கையுறையால் துடைத்திருந்தார்கள். முள் அடியில் படுத்துக் கிடந்தது. ஒன்றுமே இல்லை.

இப்போது நமக்குள் ஒரு பஞ்சாயத்து. "எழுபது இருக்கு" என்று ஹார்லன் சொன்னார், சரி. ஆனால் மூன்றாம் பகுதியில், 'டேங்கில் எழுபது சதவீதம் இருந்தது' என்று சொன்னது நான். மேற்கோள் குறிகூட இல்லாமல், என் சொந்தக் குரலில். நீங்கள் போய்ப் பார்த்தீர்களா? இல்லை. கதை சொல்கிறவனை எதற்குச் சங்கடப்படுத்துவது என்று பேசாமல் இருந்துவிட்டீர்கள். மார்சியை மட்டும் முட்டாள் என்று நினைக்காதீர்கள் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

அவள் அந்தக் குளிரில் மூடியைப் பிடித்தபடி நின்றாள். பார்க்காமல் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். இவர் பாதை வெட்டி, நடந்து வந்து, கண்ணாடியைத் துடைத்து, குனிந்து பார்த்திருக்கிறார். பார்த்தும் முள் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அதனால் கேஸ்காரர் கடைசியாக நிரப்பியபோது இருந்ததை, ஞாபகத்திலிருந்து எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

கோப்பைக்குள் மடங்கிய விரல் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. காப்பி எங்கே ஏறுகிறது என்று விரல்தான் அவருக்குச் சொல்கிறது. தபால் பெட்டியும் புரிந்தது.

6

உள்ளே வந்தாள். ஹார்லன் மேஜையருகே உட்கார்ந்திருந்தார். அவள் எங்கே போய்விட்டு வருகிறாள் என்று அவருக்குத் தெரியும். கொல்லைக் கதவுச் சத்தம் கேட்டிருக்கும். சுவரில் போன் அடிக்கத் தொடங்கியது.

"லினெட்தான். மத்தியானம் கூப்பிடுவா" என்றார். "நீயே எடும்மா. என்ன ஆச்சுன்னு கேப்பா."

போன் அடித்தது. அவர் மேஜைவிரிப்பைத் தடவிக்கொண்டே இன்னொன்றும் கேட்டார்.

"எவ்வளவு இருக்கு?"

இந்த இடத்தில்தான் மார்சிக்கு என் வீட்டில் அழைப்பு வந்தது. வாசல்வரை பின்னாலேயே ஓடி, அப்புறம் என்ன சொன்னீங்க என்று கேட்டேன். "நேரமாச்சு" என்று வண்டியில் ஏறிவிட்டாள். ஆகவே முடிவுகளை நானே எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் மார்சி போனை எடுத்து, "தப்பு என்னோடதுதாங்க, ரெகுலேட்டர்ல நேரத்தை வீணாக்கிட்டேன்" என்கிறாள். லினெட் அவளைக் கிழிகிழி என்று கிழிக்கிறாள். மார்சியின் முதலாளியிடம் புகார் போகிறது. ஹார்லன் அந்த வீட்டிலேயே இருக்கிறார். நல்ல முடிவு என்று பேனாவை மூடப் போனேன். கதையில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஹார்லன் வண்டியை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்குக் கிளம்பினார். அந்தச் சாலையில் எதிரே வருகிறவன் நான்.

இன்னொன்றில் அவள் உண்மையைச் சொல்கிறாள். இருட்டுவதற்குள் லினெட் வந்துவிடுகிறாள். லினெட் கெட்டவள் இல்லை. அப்பாவின் கோப்பைகளை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைக்கிறாள். ஃபார்கோ அறையின் ஜன்னலுக்கு என்ன திரை போடுவது என்று யோசித்தேன். யாருக்குத் திரை என்று தோன்றியதும் அழுதுவிட்டேன். மேலே எழுத முடியவில்லை.

அப்புறம், கண்ணில் வெறும் புரைதான், ஒரு அறுவைச் சிகிச்சை செய்தால் ஹார்லனுக்குப் பளிச்சென்று —

இல்லை. அவர் கண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மார்சிக்கும் தெரியாது. இது எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் எழுபது.

7

கீழே என் ஹீட்டர் நின்றுவிட்டது. வெப்பம் போதுமென்று தானாக நின்றதா, வேறு ஏதாவதா, போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு முன் உங்களை அந்தச் சமையலறையில் விட்டுவிட்டுப் போகிறேன்.

தரை ஈரமாக இருக்கிறது, பார்த்து நில்லுங்கள். போன் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. ஹார்லன் உங்கள் முகம் இருக்கும் திசையைப் பார்த்து, எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு அது தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு கேட்கிறார். என்ன பதில் என்று என்னைப் பார்க்காதீர்கள். ஒரு தடவை என்னை நம்பிவிட்டீர்கள், போதும். கொல்லைக் கதவு திறந்துதான் இருக்கிறது, அவர் வெட்டிய பாதையும் இருக்கிறது. நீங்களே போய் மூடியைத் தூக்கிப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து, முதலில் அவருக்குப் பதில் சொல்லுங்கள். அப்புறம் போனை எடுங்கள்.