செவலையின் படுக்கை

என் பசுவின் படுக்கையில் யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

எங்களுடையது கூலிக்குப் போன குடும்பம். அடுத்தவர் மாட்டுக்குப் புல் அறுத்தே என் அம்மாவின் காலம் போனது. எங்கள் வழியில் சொந்த மாடு கட்டிய முதல் பொம்பளை நான். அந்தச் செவலைக்குத்தான் ஐப்பசி பிறந்ததும் மடிநோய் வந்து, பின்காம்பு ஒன்று கல்லாகிவிட்டது. பால் திரிதிரியாக வந்தது. வரதய்யபாளையத்திலிருந்து வந்த மாட்டு டாக்டர் பிரமிளா ஊசி போட்டுவிட்டு, செவலைக்குக் கீழே கிடந்த வைக்கோலை ஒரு கை அள்ளிப் பிழிந்து காட்டினார்.

"இந்த ஈரத்துலதான் மடியை வெச்சுப் படுக்குது. கிருமி காம்பு வழியா உள்ள போயிடுது. எண்டபெட்டும்மா, தினமும் எண்டபெட்டு. இன்னொரு காம்பும் போச்சுன்னா இந்த மாடு உனக்கு ஆகாது."

தெலுங்கில் எண்டபெட்டு என்றால் வெயிலில் காயப்போடு. அன்றிலிருந்து நான் வேறு வேலை பார்த்தேனா? நனைந்ததைக் காலையிலேயே வாரிக் குப்பையில் கொட்டினேன். தரையில் சுண்ணாம்புத் தூள் தூவினேன். மேலே வெயிலில் காய்ந்த வேர்க்கடலைத் தோலை மெத்தைபோலப் பரப்பினேன். ராத்திரி கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். அவ்வளவு செய்தும், விடிந்து பால் கறக்கப் போனால் பின்னங்கால் பக்கம் சொதசொதவென்று இருக்கும். மூத்திரம் என்று நீங்கள் சொல்வீர்கள். மூத்திர நாற்றம் எனக்குத் தெரியாதா? இது சுத்தமான தண்ணீர். ஒரு நாள் அதில் மஞ்சள் கறையும் கிடந்தது. செய்வினைதான் என்று முடிவு கட்டினேன்.

எதிர்வீட்டு வெங்கடம்மாவைத் தவிர வேறு யார் செய்வார்கள்? போன வருஷம் அவள் கன்று செத்தது. அதற்கப்புறம்தான் என் செவலை வந்தது. நான் கறக்கும்போதெல்லாம் தெருவுக்கு அந்தப் பக்கம் தன் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். கேட்டால் துணி காயப்போடுகிறாளாம். துணி காயப்போட அவ்வளவு நேரமா ஆகும்?

என் வீட்டுக்காரர் ஜெகநாதனிடம் இதைச் சொல்லவில்லை. அவர் ஸ்ரீசிட்டியில் நைட் ஷிப்ட். கம்பெனி வேன் விடியுமுன் இறக்கிவிடும், நான் எழுவதற்குள் படுத்துவிடுவார். வெங்கடம்மா வேறு அவருக்குப் பெரியம்மா முறை. சொன்னால் நேராகப் போய்க் கேட்டுவிடுவார், அவள் உஷாராகிவிடுவாள். டாக்டர் என்ன சொன்னார் என்று அவர் கேட்டபோதுகூட, "சுத்தமா வெச்சுக்கணுமாம்" என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரமே எங்கள் வேலியோரம் ஒரு மூட்டை சாய்த்து வைத்திருந்தது. உள்ளே கடலைத் தோல், மொறுமொறுவென்று காய்ந்தது. வெங்கடம்மா வீட்டில்தான் கடலை உடைப்பார்கள். கன்று செத்தவள் என் மாட்டுக்கு எதற்கு மெத்தை தருகிறாள்? மஞ்சளை வைத்தவள் இதில் எதை வைத்தாளோ. அவள் பார்க்கட்டும் என்றே வாசலில் இழுத்துக்கொண்டு போய்க் கால்வாயில் கொட்டினேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததே எனக்குச் சாட்சியாகத் தெரிந்தது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. காயப்போட வெயில் இல்லை. செவலையின் இன்னொரு காம்பைத் தொட்டால் சுட்டது. இனியும் பொறுத்தால் மாட்டைக் கசாப்புக்குத்தான் அனுப்ப வேண்டும். அன்று படுக்கப்போகுமுன் கொட்டகை வாசலில், கூரைக்கு உள்பக்கமாக, மிச்சமிருந்த சுண்ணாம்புத் தூள் முழுவதையும் கோலமாவுபோலத் தூவிவிட்டேன். வருகிறவள் கால் காட்டிக்கொடுக்கட்டும்.

காலையில் தடம் இருந்தது. அகலமான தடம். தெருப்பக்கம் போகவில்லை. கொட்டகையை ஒட்டிய தாழ்வாரம் வழியாக வந்து, என் சமையலறைப் பின்வாசல் படியேறி உள்ளே போயிருந்தது. தடத்தைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனேன். அவர் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு உள்ளங்காலிலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு அப்பியிருந்தது.

எழுப்பினேன். எழுப்பிய விதத்தைச் சொல்ல வேண்டாம்.

"மாட்டாண்ட தண்ணி ஊத்தறது நீயா?"

"கழுவறேன். வேல வுட்டு வந்ததும் மஞ்சத்தண்ணி ஊத்திப் பின்பக்கம் கழுவிக் கும்புட்டுட்டுத்தான் படுக்கறேன். மகாலட்சுமி அங்கதான கீறா. மாடு நல்லாவற வரைக்கும் செய்றேன்னு வேண்டிக்கினேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"வேண்டுதல வெளிய சொல்லுவாங்களா? நீயுந்தான சுத்தமா வெச்சுக்கணும்னு சொன்ன. சுத்தம்னா கழுவறதுதான?"

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. மாடு சுகமாக வேண்டுமென்று ஊற்றியிருக்கிறார். ஊற்ற ஊற்ற அது சீக்காகியிருக்கிறது. சீக்கு ஏற ஏற இன்னும் ஒரு குடம் ஊற்றியிருக்கிறார். நான் ஈரம் என்று ஒரு வார்த்தை அவரிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே நின்றிருக்கும்.

பிரமிளா மழையில் நனைந்தபடி வந்து மறுபடி ஊசி போட்டார். "இந்தக் காம்பைக் காப்பாத்திடலாம். ஆனா இன்னைக்கே காய்ஞ்ச படுக்கை வேணும்" என்றார். ஊரே ஊறிக்கிடக்கிறது. காய்ந்த தோலுக்கு எங்கே போவது?

எங்கே என்று எனக்குத் தெரியும். தெருவைக் கடக்கத்தான் கால் வரவில்லை.

வெங்கடம்மா முறத்தில் கடலை புடைத்துக்கொண்டிருந்தாள். "அத்தே" என்றேன். அந்த வார்த்தை சொல்லி வருஷமாகிறது. அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு மூட்டையை இழுத்து வந்து என் காலடியில் வைத்தாள்.

"என் கன்னுக்குட்டி ஈரத்துல படுத்துத்தான் செத்துது. அதனாலதான் அன்னிக்கு மூட்டைய வெச்சேன். இதையாவது மாட்டுக்குப் போடு."

நான் குனிந்து மூட்டையின் வாயைப் பிடித்தேன்.

"உன் வூட்டுக்காரன் விடியக்கால குடத்தத் தூக்கிக்கினு கொட்டாய்க்குப் போறத தெனமும் பாத்துக்கினுதான் இருந்தேன்" என்றாள்.

"பின்ன எங்கிட்ட ஏன் சொல்லல அத்தே?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கொட்டகையில் அவர் பழைய லுங்கியால் செவலையின் பின்பக்கத்தை ஈரம் போகத் துடைத்துக்கொண்டிருந்தார். தரையை வழித்துவிட்டு மூட்டையை அவிழ்த்தேன். கொட்டுமுன் ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோனேன்.

"இன்னா மோந்து பாக்கற?"

"ஒண்ணுமில்ல" என்றேன். கடலை வாசனை மட்டும்தான் வந்தது.